பிளாஸ்மா உயிரணு நோய்கள்

பிளாஸ்மா உயிரணு நோய்கள் என்பன, எலும்பு மச்சையில் உள்ள பிளாஸ்மா உயிரணு ஒன்று கட்டுப்பாடின்றிப் பல்கிப் பெருகி, ஒரே வகையான புரதத்தைத் தொடர்ந்து சுரப்பதால் உண்டாகும் நோய்களின் தொகுதி ஆகும். இவற்றுள் முதன்மையானது மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மச்சைப் புற்றுநோய். தீங்கற்ற முன்னிலைகள் முதல் உயிருக்கு ஊறு விளைவிக்கும் புற்றுநோய் வரை இத்தொகுதியில் அடங்கும். மைலோமா அனைத்துப் புற்றுநோய்களிலும் ஏறத்தாழ 1 விழுக்காடும், குருதிசார் புற்றுநோய்களில் ஏறத்தாழ 10 விழுக்காடும் ஆகும்.

இந்நோயின் தொடக்க அறிகுறிகளான முதுகுவலி, களைப்பு, இரத்தசோகை, அடிக்கடி வரும் சளிக்காய்ச்சல் ஆகியன முதியோரிடம் மிகப் பரவலாகக் காணப்படுபவை. ஆகையால் இந்நோய் முதலில் பொது மருத்துவரிடமே வருகிறது. அங்கேயே பெரும்பாலும் தவறவிடப்படவும் செய்கிறது. பிரித்தானியாவில் 24 வகைப் புற்றுநோய்களை ஒப்பிட்டு 2012இல் வெளிவந்த ஆய்வொன்றில், மருத்துவமனைக்கு அனுப்பப்படும் முன்னர் பொது மருத்துவரை மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை பார்க்க நேர்ந்தோரின் விழுக்காடு மைலோமா நோயாளரிடமே மிகுதியாக இருந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அவ்வாறு அலைந்திருந்தனர்.

பிளாஸ்மா உயிரணுக்களும் எம்-புரதமும்

பிளாஸ்மா உயிரணுக்கள் பி-நிணநீர் உயிரணுக்களிலிருந்து தோன்றுகின்றன. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருள்களைச் சுரப்பதே இவற்றின் பணி. ஒவ்வொரு இம்யூனோகுளோபுலின் மூலக்கூறும் இரண்டு கனச்சங்கிலிகளையும் இரண்டு இலகுச்சங்கிலிகளையும் கொண்டது. கனச்சங்கிலி ஐந்து வகைப்படும் (ஜி, ஏ, எம், டி, இ). இலகுச்சங்கிலி காப்பா, லாம்டா என இரு வகைப்படும்.

உடல்நலம் உள்ளவரிடம் பல்லாயிரம் வகை எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். ஒரே உயிரணுவின் வழித்தோன்றல்கள் மட்டும் பெருகும்போது, ஒரே வகையான எதிர்ப்பொருளோ அதன் இலகுச்சங்கிலி மட்டுமோ குருதியில் குவிகிறது. இது எம்-புரதம் எனப்படுகிறது. நோயுற்ற உயிரணுக்கள் உடலுக்குப் பின்வரும் வழிகளில் தீங்கு விளைவிக்கின்றன:

- எலும்பை அரிக்கும் உயிரணுக்களைத் தூண்டியும், எலும்பை ஆக்கும் உயிரணுக்களை அடக்கியும் எலும்பில் துளைகளை உண்டாக்குகின்றன. இதனால் வலியும் முறிவும் ஏற்படுகின்றன; எலும்பிலிருந்து வெளியேறும் கால்சியம் குருதியில் மிகுகிறது.
- மச்சையில் இடத்தைக் கவர்ந்துகொள்வதாலும் பிற காரணங்களாலும் சிவப்பணு உற்பத்தி குறைகிறது.
- மிகுதியான இலகுச்சங்கிலிகள் சிறுநீரக நுண்குழல்களில் வார்ப்புகளாக உறைந்து அவற்றை அடைக்கின்றன.
- இயல்பான எதிர்ப்பொருள்கள் குறைவதால் தொற்றுநோய்கள் எளிதில் பற்றுகின்றன.

வகைகள்

எம்.ஜி.யூ.எஸ்: பொருள் தெளிவற்ற எம்-புரத நிலை என இதனைக் கூறலாம். எம்-புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் குறைவாகவும், மச்சையில் நோயுற்ற பிளாஸ்மா உயிரணுக்கள் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் இருக்கும். உறுப்புப் பாதிப்பு எதுவும் இராது. 50 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரிடம் இந்நிலை காணப்படுகிறது. இது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு என்ற வீதத்தில் மைலோமா அல்லது அதனையொத்த நோயாக மாறுகிறது.

நீறுபூத்த மைலோமா: எம்-புரதம் 3 கிராம் அல்லது அதற்கு மேல், அல்லது மச்சையில் பிளாஸ்மா உயிரணுக்கள் 10 முதல் 60 விழுக்காடு வரை இருந்தும் உறுப்புப் பாதிப்பு இல்லாத இடைநிலை. முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காட்டினரிடம் இது முழுமையான மைலோமாவாக மாறுகிறது. பின்னர் இவ்வீதம் படிப்படியாகக் குறைகிறது.

மல்டிபிள் மைலோமா: உறுப்புப் பாதிப்புடன் கூடிய நிலை. மேலை நாடுகளில் பெரும்பாலோர்க்கு 65 வயதுக்குப் பின்னரே கண்டறியப்படுகிறது. இந்திய மருத்துவமனைகளின் பதிவுகளில் நோயாளரின் வயது சற்றுக் குறைவாகக் காணப்படுகிறது. பெண்களைவிட ஆண்களிடமும், பிற இனத்தவரைவிடக் கறுப்பினத்தவரிடமும் மிகுதி.

தனித்த பிளாஸ்மாக் கட்டி: ஓர் எலும்பில் அல்லது மென்திசுவில் மட்டும் தோன்றும் கட்டி. கதிர்வீச்சு இதற்கு முதன்மையான சிகிச்சை.

ஏ.எல் அமிலாய்டு நோய்: இலகுச்சங்கிலிகள் உருக்குலைந்து இதயம், சிறுநீரகம், நரம்பு, ஈரல் ஆகியவற்றில் படியும் நோய். மச்சையில் நோயுற்ற உயிரணுக்கள் சிறிதளவே இருந்தாலும் விளைவு கடுமையாக இருக்கும்.

வால்டன்சுட்ராம் நோய்: சுவீடன் மருத்துவர் யான் வால்டன்சுட்ராம் 1944இல் விவரித்தது. எம் வகை இம்யூனோகுளோபுலின் மிகுவதால் குருதி பாகுபோல் தடிப்பது இதன் தனித்தன்மை. இந்நோயில் பிளாஸ்மா உயிரணுக்களுடன் நிணநீர் உயிரணுக்களும் கலந்து பெருகுகின்றன.

வரலாறு

நன்கு பதிவு செய்யப்பட்ட முதல் மைலோமா நோயாளி, இலண்டனைச் சேர்ந்த சாரா நியூபரி என்னும் பெண். அவரது எலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்ததை சாமுவேல் சாலி என்னும் அறுவை மருத்துவர் 1844இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, தாமசு மெக்பீன் என்னும் இலண்டன் மளிகை வணிகர் கடும் எலும்பு வலியால் துன்புற்றார். அவரது சிறுநீரில் இருந்த புரதம் சூடாக்கும்போது கரைந்து, ஆறும்போது மீண்டும் உறைந்தது. அவரைப் பார்த்த மருத்துவர்கள் வில்லியம் மேக்கின்டயரும் தாமசு வாட்சனும் அச்சிறுநீரை வேதியியல் வல்லுநரான மருத்துவர் என்றி பென்சு யோன்சுக்கு அனுப்பினர். 1846 சனவரி 1 அன்று நோயாளி இறந்தார். பென்சு யோன்சு தம் ஆய்வை 1847, 1848 ஆண்டுகளில் வெளியிட்டார். அப்புரதம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மல்டிபிள் மைலோமா என்னும் பெயரை 1873இல் உருசிய மருத்துவர் ருசுடிசுகி பயன்படுத்தினார். ஆர்னே டிசேலியசு 1937இல் உருவாக்கிய மின்புலப் பிரிப்பு முறை, எம்-புரதத்தைக் குருதியில் நேரடியாகக் காண வழிசெய்தது. பென்சு யோன்சு கண்ட புரதம் இலகுச்சங்கிலியே என்பதை 1962இல் எடெல்மனும் கேலியும் நிறுவினர். எம்.ஜி.யூ.எஸ் என்னும் பெயரை இராபர்ட் கைல் 1978இல் வழங்கினார்.

அறிகுறிகள்

மைலோமாவால் உறுப்புகளுக்கு ஏற்படும் நான்கு பாதிப்புகள், அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு கிராப் எனச் சுருக்கி அழைக்கப்படுகின்றன. அவையாவன: கால்சிய மிகுதி, சிறுநீரகப் பாதிப்பு, இரத்தசோகை, எலும்புப் பாதிப்பு. கண்டறியப்படும் வேளையில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு இரத்தசோகையும், பாதிக்கும் மேற்பட்டோர்க்கு எலும்பு வலியும் காணப்படுகின்றன.

பொது மருத்துவர் ஐயுற வேண்டிய நிலைகள் பின்வருமாறு:

- 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தோன்றி, சில வாரங்களில் குறையாத முதுகுவலி அல்லது விலா வலி. அசையும்போது மிகுவதும், உயரம் குறைவதும் முள்ளெலும்பு நசுங்கியிருப்பதைக் காட்டலாம்.
- சிறு அசைவில் அல்லது இலேசான அடியில் ஏற்படும் எலும்பு முறிவு.
- இரும்புச்சத்து, பி12 ஆகியன போதிய அளவு இருந்தும் நீடிக்கும் இரத்தசோகை.
- நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகிய காரணங்களால் விளக்க இயலாத வகையில் விரைந்து உயரும் கிரியாட்டினின்.
- ஓராண்டில் மீண்டும் மீண்டும் வரும் நிமோனியா அல்லது அக்கி.
- மிகுதாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மனக்குழப்பம். இவை கால்சிய மிகுதியின் அறிகுறிகள்.
- நுரைத்த சிறுநீர், கால் வீக்கம், பெருத்த நாக்கு, கண்ணைச் சுற்றித் தோன்றும் செந்நீலத் தடிப்பு, இரு கைகளிலும் மணிக்கட்டு நரம்பு அழுத்தம். இவை அமிலாய்டு நோயைச் சுட்டலாம்.

இவற்றுள் ஒன்று மட்டும் இருப்பின் பெரும்பாலும் வேறு காரணமே இருக்கும். இரண்டு சேர்ந்திருப்பதே குறிப்பிடத்தக்கது. முதுகுவலிக்கென ஒருமுறையும் களைப்புக்கென மற்றொருமுறையும் வருபவரிடம், இரு வருகைகளையும் இணைத்துப் பார்க்காதபோது நோய் நழுவிவிடுகிறது. இந்தியாவில் முதுகெலும்புக் காசநோய், முதுமையின் எலும்புமெலிவு ஆகியன மிகுதி என்பதால், முள்ளெலும்புச் சிதைவு காணப்படும்போது இவற்றுடன் மைலோமாவையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். காசநோய் பெரும்பாலும் இரு முள்ளெலும்புகளுக்கு இடையேயான வட்டையும் அழிக்கும்; மைலோமாவில் அவ்வட்டு பொதுவாகத் தப்பிவிடுகிறது.

முதல்நிலைச் சோதனைகள்

ஐயம் தோன்றியதும் செய்யவேண்டிய சோதனைகள் சிறு நகர ஆய்வுக்கூடங்களிலும் பெரும்பாலும் செய்யக்கூடியவை. அவை: முழுக் குருதி எண்ணிக்கை, சிவப்பணு படிவு வீதம் (ஈ.எஸ்.ஆர்), கிரியாட்டினின், கால்சியம், மொத்தப் புரதம், அல்புமின், வலியுள்ள எலும்பின் எக்சுகதிர்ப் படம்.

மொத்தப் புரதத்திலிருந்து அல்புமினைக் கழிக்க வரும் அளவு டெசிலிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் இருந்தால் எம்-புரதம் இருக்கக்கூடும். நாட்பட்ட தொற்று, ஈரல் நோய் ஆகியவற்றிலும் இவ்விடைவெளி உயரும். குருதிப் பூச்சில் சிவப்பணுக்கள் நாணய அடுக்குபோல் ஒட்டிக் காணப்படுவதும் ஒரு தடயமாகும்.

இதன்பின் செய்யவேண்டியவை மூன்று: குருதிநீர் மின்புலப் பிரிப்பு, எம்-புரதத்தின் வகையை அறியும் இம்யூனோபிக்சேசன், கட்டற்ற இலகுச்சங்கிலி அளவீடு. கட்டற்ற இலகுச்சங்கிலி அளவீடு கிடைக்காத இடத்தில் 24 மணிநேரச் சிறுநீரின் மின்புலப் பிரிப்பைச் செய்யலாம். காப்பாவுக்கும் லாம்டாவுக்கும் உள்ள விகிதம் இயல்பாக 0.26 முதல் 1.65 வரை இருக்கும். சிறுநீரகம் பழுதுற்றவரிடம் 3.1 வரை உயரலாம்.

பிரித்தானியாவின் நைசு நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல், 60 வயதைக் கடந்து நீடித்த எலும்பு வலி அல்லது காரணம் புலப்படாத முறிவு உள்ளவருக்குக் குருதி எண்ணிக்கை, கால்சியம், பிளாஸ்மா பாகுநிலை அல்லது ஈ.எஸ்.ஆர் ஆகியவற்றைச் சோதிக்குமாறு கூறியது. மைலோமாவுக்குப் பொருந்தும் அறிகுறிகளுடன் கால்சிய மிகுதியோ வெள்ளையணுக் குறைவோ காணப்படின் 48 மணிநேரத்துக்குள் புரதச் சோதனைகளைச் செய்யுமாறும் அது அறிவுறுத்தியது.

ஏமாற்றும் சோதனை முடிவுகள்

இயல்பாகத் தோன்றும் சில முடிவுகள் மருத்துவரைத் தவறான ஆறுதலுக்கு உட்படுத்தக்கூடும்.

- சிறுநீரில் தோய்க்கும் சோதனைப் பட்டை அல்புமினையே முதன்மையாகக் காட்டும், இலகுச்சங்கிலிகளைக் காட்டாது. பட்டையில் புரதம் இல்லை என்பது மைலோமா இல்லை என்பதாகாது.
- ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இலகுச்சங்கிலி மட்டுமே சுரக்கிறது. இவர்களிடம் மொத்தப் புரதமும் ஈ.எஸ்.ஆரும் இயல்பாக இருக்கலாம். குருதிநீர் மின்புலப் பிரிப்பை மட்டும் செய்தால் இவர்களில் சிலர் தவறிவிடுவர்.
- எலும்பின் அடர்த்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்த பின்னரே சாதாரண எக்சுகதிர்ப் படத்தில் துளை தெரியும்.
- கதிரியக்க எலும்பு வருடல் புதிய எலும்பு உருவாகும் இடங்களையே காட்டும். மைலோமாவில் எலும்பு ஆக்கம் அடங்கியிருப்பதால் இச்சோதனை நோயைத் தவறவிடும். இதே காரணத்தால் அல்கலைன் பாசுபடேசு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

நோய் உறுதிப்பாடு

மச்சையில் நோயுற்ற பிளாஸ்மா உயிரணுக்கள் 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருப்பதோ, திசுச்சோதனையில் பிளாஸ்மாக் கட்டி உறுதியாவதோ முதல் தேவை. அதனுடன் கிராப் பாதிப்புகளுள் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். கால்சியம் டெசிலிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல், கிரியாட்டினின் 2 மில்லிகிராமுக்கு மேல், ஈமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழ் என்பன அளவுகோல்களாகும். பன்னாட்டு மைலோமா செயற்குழு 2014இல் மேலும் மூன்றைச் சேர்த்தது: மச்சையில் 60 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பிளாஸ்மா உயிரணுக்கள், இலகுச்சங்கிலி விகிதம் 100 அல்லது அதற்கு மேல், எம்.ஆர்.ஐ படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குவியப் புண்கள். இவற்றுள் ஒன்றிருப்பின், உறுப்புகள் பழுதுறும் வரை காத்திராமல் சிகிச்சை தொடங்கலாம். எலும்புகளைக் குறைந்த கதிர்வீச்சு முழுவுடல் சி.டி, எம்.ஆர்.ஐ அல்லது பெட்-சி.டி மூலம் ஆராய்கின்றனர்.

அவசர நிலைகள்

பின்வருவனவற்றில் தாமதம் மீளாத இழப்பை உண்டாக்கும். அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

- தண்டுவட அழுத்தம்: கால்கள் தளர்தல், உணர்ச்சி குன்றுதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடிழத்தல். உடனடி எம்.ஆர்.ஐ, டெக்சாமெதசோன், கதிர்வீச்சு அல்லது அறுவை தேவைப்படும். நடக்கும் திறன் எஞ்சியிருக்கும்போதே சிகிச்சை பெறுபவரே பெரும்பாலும் பின்னரும் நடக்கின்றனர்.
- கால்சிய மிகுதி: சிரைவழி நீரேற்றமும் சோலெட்ரோனிக் அமிலமும் தரப்படும்.
- சிறுநீரகச் செயலிழப்பு: சில நாள்களுக்குள் மைலோமா சிகிச்சையைத் தொடங்கினால் பலருக்குச் சிறுநீரகம் மீள்கிறது. தாமதித்தால் வாழ்நாள் முழுதும் குருதித் தூய்மிப்பு தேவைப்படலாம்.
- குருதித் தடிப்பு: மூக்கில் குருதி கசிதல், பார்வை மங்குதல், தலைவலி. பிளாஸ்மா மாற்றம் விரைந்து பயன் தரும்.
- காய்ச்சல்: சிகிச்சையில் உள்ளவருக்குக் காய்ச்சல் வருவது கடும் தொற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

சிகிச்சை

1960கள் முதல் மெல்பலானும் பிரெட்னிசோலோனும் அடிப்படை மருந்துகளாக இருந்தன. தாலிடோமைடு இந்நோயில் பயன் தருவது 1999இல் வெளியிடப்பட்டது. போர்டெசோமிப் 2003இலும், லெனலிடோமைடு 2006இலும், டாராடுமுமாப் 2015இலும் அமெரிக்காவில் மைலோமாவுக்கு ஒப்புதல் பெற்றன. நோயாளியின் சொந்த டி-உயிரணுக்களை மாற்றியமைத்துச் செலுத்தும் கார்-டி முறை 2021இல் ஒப்புதல் பெற்றது. போர்டெசோமிப், லெனலிடோமைடு ஆகியன இந்தியாவில் பொதுப்பெயர் மருந்துகளாகவும் கிடைக்கின்றன.

உடல்திறன் உள்ளவருக்கு மூன்று அல்லது நான்கு மருந்துகளை இணைத்துக் கொடுத்தபின், அவரது குருத்தணுக்களையே மீளச் செலுத்தும் மாற்றுச் சிகிச்சையும், அதன்பின் லெனலிடோமைடும் தரப்படுகின்றன. முதியோர்க்கு மாற்றுச் சிகிச்சையின்றி மருந்துகள் மட்டும் தரப்படும். மைலோமா பெரும்பாலும் முற்றிலும் குணமாவதில்லை. அடங்கியும் மீண்டும் தலைதூக்கியும் வருவது அதன் இயல்பு. ஆயினும் இன்று பலர் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழ்கின்றனர்.

பொது மருத்துவரின் பணி

சிகிச்சை குருதியியல் வல்லுநரிடம் நடந்தாலும் அன்றாடக் கவனிப்பு பொது மருத்துவரையே சாரும்.

- வலிக்கு டைக்குளோபினாக், ஐபுப்ரோபென் போன்றவற்றைத் தவிர்த்தல் வேண்டும். இலகுச்சங்கிலிகளால் நலிந்த சிறுநீரகத்தை இவை செயலிழக்கச் செய்யக்கூடும். பாராசிட்டமாலும், தேவைக்கேற்ப ஓபியாய்டு மருந்துகளும் பொருத்தமானவை.
- இதய நோய் தடையாக இல்லையெனில் நாள்தோறும் ஏறத்தாழ 3 லிட்டர் நீர் அருந்தச் சொல்லுதல் வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி ஆகியவற்றால் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதும் இன்றியமையாதது.
- சளிக்காய்ச்சல், நிமோகாக்கசு தடுப்பூசிகளும் உயிரற்ற வகை அக்கித் தடுப்பூசியும் பரிந்துரைக்கப்படுகின்றன. உயிருள்ள கிருமிகளாலான தடுப்பூசிகளைத் தவிர்த்தல் வேண்டும். போர்டெசோமிப் பெறுவோர்க்கு அக்கியைத் தடுக்க அசைக்ளோவிர் தரப்படுகிறது.
- டெக்சாமெதசோன் குருதியில் சர்க்கரையை உயர்த்தும், உறக்கத்தைக் கெடுக்கும். நீரிழிவு உள்ளவரின் மருந்தளவை மாற்ற நேரிடலாம்.
- போர்டெசோமிப், தாலிடோமைடு ஆகியவற்றால் கால் மரத்துப்போதலும் எரிச்சலும் உண்டாகும். இதனை நீரிழிவின் விளைவெனக் கருதி விட்டுவிடலாகாது.
- தாலிடோமைடும் லெனலிடோமைடும் காலில் குருதி உறைவை உண்டாக்கக்கூடும். ஒரு காலில் மட்டும் வீக்கம் தோன்றினால் உடனே ஆராய்தல் வேண்டும். இவை கருவைச் சிதைக்கும் என்பதால் கருத்தடை கட்டாயமாகும்.
- சோலெட்ரோனிக் அமிலம் தொடங்கும் முன் பற்களைச் சரிபார்த்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் பல் பிடுங்கினால் தாடையெலும்பு அழுகக்கூடும்.

எம்.ஜி.யூ.எஸ் கண்காணிப்பு

இந்நிலைக்குச் சிகிச்சை தேவையில்லை, கண்காணிப்பே போதுமானது. எம்-புரதம் 1.5 கிராமுக்குக் குறைவாகவும், ஜி வகையாகவும், இலகுச்சங்கிலி விகிதம் இயல்பாகவும் இருப்பவரிடம் 20 ஆண்டுகளில் நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 5 விழுக்காடே. மூன்றும் மாறுபட்டிருப்பின் அது ஏறத்தாழ 58 விழுக்காடாக உயர்கிறது. முதல் சோதனைக்கு ஆறு மாதம் கழித்து மறுசோதனை செய்து, பின்னர் இடர் குறைந்தோரை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஏனையோரை ஆண்டுதோறும் பார்ப்பது வழக்கம். புதிய எலும்பு வலி, எடை குறைதல், களைப்பு ஆகியன தோன்றினால் முறைநாளுக்குக் காத்திராமல் வரவேண்டும் என்பதை நோயாளிக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

அறிகுறியற்ற அனைவருக்கும் இச்சோதனையைச் செய்வதை வழிகாட்டல்கள் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலோர் எம்.ஜி.யூ.எஸ் நிலையுடனேயே வாழ்ந்து வேறு காரணங்களால் இறக்கின்றனர். அவர்களுக்குத் தேவையற்ற அச்சமே மிஞ்சும். அனைவரையும் சோதிப்பதால் பயனுண்டா என்பதை அறிய ஐஸ்லாந்தில் 2016இல் தொடங்கிய ஆய்வில் 75,000க்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர். எனவே பொது மருத்துவத்தில் இச்சோதனை, அறிகுறிகள் ஒன்றுசேர்ந்து வருபவருக்கே உரியதாகும்; அத்தகையவருக்கு அதனைத் தள்ளிப்போடலாகாது.

இவற்றையும் பார்க்க

- எலும்பு மச்சை
- இம்யூனோகுளோபுலின்
- இரத்தசோகை
- நாட்பட்ட சிறுநீரக நோய்
- எலும்புமெலிவு